அரை கிரவுண்டில் ஒரு வீடு: பத்திரத்திலிருந்து பால் காய்ச்சுவது வரை

கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் முப்பதுக்கு நாற்பது மனை, அதாவது அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. அதில் தரைத்தளம் 810 சதுர அடி, மாடியில் ஓர் அறையும் படிக்கட்டு மூடியும் சேர்த்து 240. சதுர அடி 2,350 ரூபாய் என்று பேசியபோது மொத்தம் 24 லட்சத்து 67 ஆயிரம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முடிந்தபோது 32 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏழு மாதம் என்றார் கான்ட்ராக்டர், ஒரு வருடம் ஆனது. இதில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. சென்னைப் புறநகரில் முதன்முதலாக வீடு கட்டப் போகிறவர்களுக்காக, நான் பட்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. மனையின் காகிதங்களை முதலில் ஒரே ஃபைலில் போடுங்கள்

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் (உங்களுக்கு விற்றவர் முன்பு வாங்கியபோது பதிந்த பத்திரம்), 30 வருட வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் பட்டா, புல வரைபடம், மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கொடுத்த அனுமதியும் வரைபடமும். இத்தனையும் வேண்டும். பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டு, பட்டாவை மனை போட்டவர் பெயரிலேயே விட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். பிளான் அனுமதிக்கு உட்காரும்போதுதான் அது தெரிந்தது, ஒன்றரை மாதம் போனது. பட்டா இல்லாமல் எதுவும் நகராது.

பழைய மனை, அனுமதி இல்லாத லேஅவுட் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனையாக இருந்து, வரன்முறை செய்யப்பட்ட ஆணை, அதாவது அனுமதியில்லாத மனையை அரசு பிறகு முறைப்படுத்திக் கொடுத்த ஆணை, கையில் இருக்க வேண்டும். அந்த ஆணை இல்லாமல் "எல்லாரும் கட்டியிருக்காங்க சார்" என்று யார் சொன்னாலும் கடைக்கால் தோண்டாதீர்கள்.

அப்புறம், மனையை அளங்கள். கல் நட்டிருக்கிறது என்று நம்பாதீர்கள். எங்கள் மனையின் பின்பக்கம் அரை அடி, பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள் போயிருந்தது. அவர்கள் வேண்டுமென்று செய்ததில்லை, அவர்கள் மேஸ்திரி கல்லைத் தேடாமல் சுவர் எழுப்பிவிட்டார். சர்வேயரை வைத்து அளந்து, பேசி, ஒத்துக்கொண்டு, எழுதி வாங்கினோம். வீடு எழும்பிய பிறகு தெரிந்திருந்தால் பேச்சு அவ்வளவு இனிமையாக இருந்திருக்காது.

2. பணம் எப்போது வரும் என்று பாருங்கள், எவ்வளவு வரும் என்பது அதற்கு அப்புறம்

30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அதிகபட்சம் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேலே போனால் விகிதம் குறையும். ஆனால் கட்டுமானக் கடன் ஒரே தடவையில் கைக்கு வராது. முதலில் உங்கள் பங்குப் பணத்தைப் போட்டு வேலையைத் தொடங்க வேண்டும், பேஸ்மென்ட் (கடைக்காலுக்கு மேல், வீட்டுத் தரை வரை எழுப்பும் மேடை) முடிந்ததும் ஒரு பகுதி, கூரை போட்டதும் ஒரு பகுதி, பூச்சு முடிந்ததும் ஒரு பகுதி என்று அவர்களுடைய எஞ்சினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் விடுவார்கள். இதில் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பத்து, பதினைந்து நாள் போனது. அந்த நாட்களில் கான்ட்ராக்டர் ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுவார். போன ஆட்கள் அவ்வளவு சுலபத்தில் திரும்ப மாட்டார்கள்.

அதனால் கடன் போக, நான்கைந்து லட்சமாவது கையில் சுழற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுவித்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டினால் போதும், முழு மாதத் தவணை பிறகுதான் தொடங்கும். இருந்தாலும் ஒரு பக்கம் வட்டி, ஒரு பக்கம் வாடகை என்று இரண்டும் ஒரே மாதத்தில் விழும், அதைக் கணக்கில் சேருங்கள். அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து நகலும் எடுத்து வையுங்கள். மின்வாரியம், உள்ளாட்சி அலுவலகம் என்று எங்கே போனாலும் கேட்பார்கள்.

3. பிளான் அனுமதி

இது முன்பைவிட எளிதாகிவிட்டது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரையோடு ஒரு மாடி வரை வீடு கட்டுகிறவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டியதும் அனுமதியைத் தரவிறக்கிக் கொள்ளலாம். நேரில் வந்து பார்ப்பது கிடையாது. கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சியைப் பொறுத்து மாறும். ஊராட்சியில் குறைவு, மாநகராட்சியில் அதிகம்.

எளிது என்பதில் ஒரு வலை இருக்கிறது. "விதிப்படிதான் கட்டுவேன்" என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விடாமல் கான்ட்ராக்டர் கட்டிவிட்டால் பொறுப்பு அவருக்கு இல்லை. வங்கி எஞ்சினியரும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சைட்டைப் பார்ப்பார். ஆகவே "அனுமதிக்கு ஒரு பிளான், கட்டுறதுக்கு ஒரு பிளான்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வரைபடம் போடுபவரிடம் மூன்றை மறக்காமல் கேளுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே (இது கட்டாயம்), செப்டிக் டேங்க் எங்கே, மனைக்கு அருகே போகும் மின்கம்பி எவ்வளவு தூரம். வீட்டு இணைப்புக் கொடுக்கும் சாதாரணத் தெருக் கம்பிக்கும் உங்கள் சுவருக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். பால்கனி வரையும்போது யாரும் தெருவை அண்ணாந்து பார்ப்பதில்லை.

செப்டிக் டேங்குக்கும் போர்வெல்லுக்கும் 50 அடி தூரம் இருக்க வேண்டும் என்பார்கள். முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே சரியாக 50 அடிதான்! அதனால் ஒன்றை வடகிழக்கிலும் மற்றதைத் தென்மேற்கிலும் தள்ளிவிட்டால்கூட முழுசாகக் கிடைக்காது. முடிந்த அளவு தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொண்டு போர் இடத்தை முடிவு செய்யுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

4. கான்ட்ராக்ட்: சதுர அடி விலைக்குள் என்ன இல்லை என்று கேளுங்கள்

லேபர் கான்ட்ராக்ட் என்றால் சாமான் எல்லாம் உங்கள் பொறுப்பு, கூலி மட்டும் அவருக்கு. தினமும் சைட்டுக்குப் போக முடிந்தவர்களுக்கு அது சரி. வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மெட்டீரியலோடு முழு கான்ட்ராக்ட் கொடுக்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

என் 24 லட்சம் 32 லட்சமானது எங்கே என்று பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். காம்பவுண்டு சுவர் தனி, கேட் தனி, தண்ணீர்த் தொட்டி லிட்டர் கணக்கில் தனி, செப்டிக் டேங்க் தனி, போர் தனி, மின் இணைப்புச் செலவு தனி, முகப்பு அலங்காரம் தனி. பேஸ்மென்ட் இரண்டரை அடிக்கு மேல் போனால் அதற்கும் தனி. ஒன்றுகூட அவர் ஏமாற்றியது என்று சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதுங்கள். சிமென்ட், கம்பி எந்த பிராண்டு, செங்கல்லா, ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லா, ஏஏசி பிளாக்கா (எடை குறைந்த கான்கிரீட் கல்), டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, ஓர் அறைக்கு எத்தனை மின்சார பாயின்ட், கதவு என்ன மரம், பெயிண்ட் எத்தனை கோட்டிங், எல்லாம் வரி வரியாக. சன்ஷேடு, படிக்கட்டு, போர்டிகோ எல்லாம் சதுர அடிக் கணக்கில் சேருமா, சேர்ந்தால் முழுசா பாதியா என்றும் எழுதுங்கள். "நல்ல தரமான" என்ற வார்த்தை ஒப்பந்தத்தில் எங்கே வந்தாலும் அடித்துவிட்டு அங்கே ஒரு பெயரையோ எண்ணையோ எழுதச் சொல்லுங்கள்.

பணம் கொடுப்பது வேலை முடிந்த அளவுக்கு. முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கடைசியில் குறைந்தது ஐந்து சதவீதமாவது சாவி கைக்கு வந்து ஒரு மாதம் கழித்து என்று நிறுத்தி வையுங்கள். நான் பூச்சு வேலையிலேயே 90 சதவீதம் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் போன் எடுக்கும் வேகமே மாறிவிட்டது.

5. தொடங்கும் மாதம்

வாஸ்து நாள் வருடத்தில் எட்டுதான்: சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த எட்டுக்குள்தான் பூமி பூஜை. என் அம்மா தை 12 என்றார். வானிலைக் கணக்கிலும் அது நல்ல தேர்வு, ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை அப்போது முடிந்திருக்கும், கடைக்கால் குழியில் தண்ணீர் நிற்காது, வெயில் ஏறுவதற்குள் பேஸ்மென்ட் எழும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டினால் பாதிப் பணம் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கவே போகும்.

பூஜைக்கு முன்பே போர் போட்டுவிடுங்கள், கட்டுமானத்துக்கே நிறையத் தண்ணீர் வேண்டும். தற்காலிக மின் இணைப்புக்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். இதற்கு யூனிட் 12 ரூபாய்க்கு மேல், வைப்புத்தொகையும் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்வார். மாட்டினால் அபராதம் அந்த வீட்டுக்காரருக்கு, பகை உங்களுக்கு.

6. கடைக்காலும் பேஸ்மென்ட்டும்

மண் பரிசோதனைக்குச் சில ஆயிரம்தான் ஆகும், கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு மனையில் நான்கடியில் பாறை, இரண்டு மனை தள்ளி ஆறடி தோண்டியும் களிமண். எத்தனை அடி ஆழம், ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் பாதம்) என்ன அளவு என்பதை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் எழுதிக் கொடுக்க வேண்டும். "இந்த ஏரியாவுக்கு அஞ்சடி போதும் சார்" என்பது கணக்கில் சேராது.

மார்க்கிங் போடும் நாளில் கட்டாயம் இருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்ததும் மூலைவிட்டங்கள் இரண்டையும் நீங்களே டேப் பிடித்து அளங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் வீடு கோணல். ஒரு மூலையை மட்டும் பார்க்க மேஸ்திரிகள் ஒரு பக்கம் மூன்றடி, இன்னொரு பக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும்.

பேஸ்மென்ட் உயரத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வராத இடத்திலும் தெருவில் ரோடு போட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் ரோடு சில அங்குலம் ஏறும். இப்போதைய தெரு மட்டத்திலிருந்து நான்கடி வைத்தேன். கூடுதலாக ஒன்றரை அடிக்குத் தனிப் பணம் போனது, அந்தப் பணம் மட்டும் எனக்கு வலிக்கவில்லை.

உள்ளே மண் நிரப்பும்போது மொத்தமாகக் கொட்டிவிட்டுத் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அரை அடி, அரை அடியாக நிரப்பித் திமிசு (மண்ணை இறுக்கும் கனமான கட்டை) போட்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டாம் வருடம் டைல்ஸ் உட்காரும். கறையான் மருந்தும் இந்தக் கட்டத்தில்தான் அடிக்க வேண்டும்.

7. லோடு வந்து இறங்கும்போது

முழு கான்ட்ராக்ட்டாக இருந்தாலும் இதைக் கவனியுங்கள், குறைவது உங்கள் வீட்டில்தான். எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மூன்று யூனிட் என்று சொல்லி வந்த லாரியின் மேல் ஏறிப் பார்த்தேன். 14 அடி நீளம், 7 அடி அகலம். மணல் மூன்றடி உயரம் இருந்தால் 294 கன அடி, கிட்டத்தட்ட சரி. ஆனால் குச்சியை நாலு இடத்தில் குத்திப் பார்த்தால் இரண்டரை அடிதான். 245. அரை யூனிட்டுக்கு மேல் காணோம். டிரைவர் "வழியில அமுங்கிடுச்சு சார்" என்றார்.

கம்பிக்கும் ஒரு கணக்கு உண்டு. 12 மீட்டர் நீளக் கம்பியில் 8 மில்லி என்றால் சுமார் 4.7 கிலோ, 12 மில்லி 10.7 கிலோ, 16 மில்லி 19 கிலோ. எண்ணிக்கையைப் பெருக்கி எடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிமென்ட் மூட்டையில் வாரம் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழசானதை இறக்க விடாதீர்கள்.

8. கூரை கான்கிரீட் போடும் நாள்

ஒரே ஒரு நாள்தான் லீவு போட முடியும் என்றால் இந்த நாளுக்குப் போடுங்கள்.

முதல் நாள் சாயங்காலமே எஞ்சினியர் வந்து கம்பியைப் பார்த்திருக்க வேண்டும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) இருக்கிறதா பாருங்கள், ஸ்லாபுக்கு 20 மில்லி, பீமுக்கு 25, தூணுக்கு 40. ஜல்லிக் கல்லை நுழைத்துச் சமாளிப்பார்கள், விடாதீர்கள். மின்சார பைப்புகளையும் ஃபேன் பெட்டிகளையும் டேப் விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூரைக்குத் தொண்ணூறு மூட்டைக்கு மேல் போனது. மிக்சர் பக்கத்தில் பழைய பெயிண்ட் பக்கெட், 20 லிட்டர். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 லிட்டரிலிருந்து 30 லிட்டர் தண்ணீர்தான் சரி, அதாவது ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரை பக்கெட். காலையில் அப்படித்தான் போனது. பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் மேலிருந்து "இறங்கல, தண்ணி விடு" என்று குரல், மிக்சர்காரர் யோசிக்காமல் இரண்டாவது பக்கெட்டையும் முழுசாகக் கவிழ்த்தார். கலவை கஞ்சி மாதிரி ஓடியது. நான் போய்ச் சொன்னதற்கு மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "இறுகலா இருந்தா மூலைக்குப் போகாது சார், நாங்க எத்தனை வீடு போட்டிருக்கோம்" என்றார். வைப்ரேட்டர் இருப்பதே அதற்குத்தான். தண்ணீர் கூடினால் பலம் குறையும், இதில் அனுபவத்துக்கு வேலையில்லை. கடைசியில் பக்கெட்டில் ஒன்றேகால் அளவுக்குப் பெயிண்டால் கோடு போட்டு, எங்கள் மாமாவை அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, சும்மா பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலையே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், 14 நாள் காயக் கூடாது. கூரையைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஓடுவதால் ஒன்பதாம் நாளே பிரிக்கப் பார்ப்பார்கள். எங்கள் எஞ்சினியர் ஸ்லாபுக்கு 14 நாள், நீளமான பீமுக்கு 21 நாள் என்று எழுதிக் கொடுத்ததைக் காட்டித்தான் தடுத்தேன். தண்ணீர் காட்டுவதை வாட்ச்மேனிடம் விட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு மாடி ஏறிப் பாருங்கள்.

9. பூச்சுக்கு முன்னால்

ஒயரிங், பிளம்பிங் பைப் எல்லாம் சுவரை வெட்டிப் பதித்து முடித்ததும் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். நான் ஹாலை எடுத்தேன், சமையலறையை மறந்தேன். குடி போன மூன்றாம் வாரம் அலமாரி மாட்ட வந்தவர் துளை போட்டதும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

பைப்பில் அழுத்தச் சோதனை செய்த பிறகே பூச வேண்டும். பாத்ரூம் தரையில் நீர்க்கசிவு மருந்து அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்து, கீழே ஈரம் வருகிறதா என்று பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டினால் பிறகு உடைப்பதைத் தவிர வழியில்லை. வெளிப்பூச்சை மழைக்கு முன்னால் முடிக்கப் பாருங்கள்.

10. கடைசி இழுவை

சுவரும் கூரையும் ஐந்து மாதத்தில் எழும்பிவிட்டன. மீதி ஏழு மாதம் டைல்ஸ், கதவு, கிரில், பெயிண்ட் என்றே போனது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள், பொங்கலுக்கு ஒருவர் ஊருக்குப் போவார், ஹோலிக்கு இன்னொருவர், தேர்தல் வந்தால் எல்லாரும். டைல்ஸ் வாங்கும்போது ஒரே பேட்ச் எண்ணில், பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், பிறகு போனால் அதே நிறம் கிடைக்காது.

வேலை முடிந்ததும் மின் இணைப்பை வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், மறந்தால் தற்காலிகக் கட்டணமே ஓடிக்கொண்டிருக்கும். நம் மாதிரிச் சின்ன வீடுகளுக்குப் பணிநிறைவுச் சான்று தேவையில்லை, யாராவது கேட்டால் விதியைக் காட்டுங்கள். சொத்து வரிக்கும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கிரகப்பிரவேசத் தேதியை மட்டும் முன்கூட்டியே குறித்துப் பத்திரிகை அடித்துவிடாதீர்கள். ஆவணி என்று நினைத்தது ஐப்பசி ஆகி, கார்த்திகையிலும் முடியாமல், மார்கழியில் கூடாது என்று தை வரை போனது. ஐந்து மாத வாடகை மட்டும் 70,000 ரூபாய். பால் பொங்கிய அன்றும் கீழ் பாத்ரூமுக்குக் கதவு வந்து சேரவில்லை. அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தோம், வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் உள்ளே போகும்முன் ஒரு தடவை இருமிவிட்டுப் போனார்கள்.